சிவப்புக் கோடே விழாத தப்புகள்: ஆபீஸ் இங்கிலீஷில் மாறிப்போகும் சொற்கள்

உப்பனாறு கேட்டது:

கடலூர் சிப்காட்டில், குடிகாடு பக்கம், ஒரு கெமிக்கல் யூனிட். ஷிப்ட் லாக், எஸ்ஓபி (வேலை செய்முறைக் குறிப்பு), மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போகிற கடிதம், வெளிநாட்டு கஸ்டமருக்கு மெயில் எல்லாம் என் டேபிளைத் தாண்டித்தான் வெளியே போகும். வேர்டில் ஸ்பெல்லிங் சரி என்றே காட்டுகிறது, ஆனால் விழுந்திருப்பது வேறு சொல். இதுவரை பிடிபட்டவை:

"அஃப்ளுவென்ட் ட்ரீட்மென்ட் பிளான்ட்". "ப்ளீஸ் அட்வைஸ்", இதில் சி-யா எஸ்-ஸா? டிரம்மில் "இன்ஃப்ளேமபிள்" என்று இருந்தால் தீப்பிடிக்காத சரக்கு என்று லோடிங் ஆட்கள் எடுத்துக்கொள்கிறார்கள். "சென்ட் அன்டில் ஃப்ரைடே" என்று எழுதினால் கஸ்டமருக்குப் புரிவதில்லை.

எதை எப்படி ஞாபகம் வைப்பது? வேர்டே பிடித்துக் கொடுக்க வழி இருக்கிறதா?

புலியூர்க்காரன்:

முதலில் டிரம். மற்றதெல்லாம் மானம் போகிற தப்பு, இது உயிர் போகிற தப்பு.

"இன்ஃப்ளேமபிள்", "ஃப்ளேமபிள்" இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றுதான்: எளிதில் தீப்பிடிக்கும். முன்னால் நிற்கும் "இன்" இங்கே "இல்லை" அல்ல. "உள்ளே தீ மூட்டு" என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது. உங்கள் லோடிங் ஆட்களுக்கு வந்த குழப்பம் எல்லா ஊரிலும் வந்ததுதான். அதனால்தான் அமெரிக்காவின் தேசியத் தீ பாதுகாப்புச் சங்கம் 1920-களிலேயே "ஃப்ளேமபிள்" என்று மட்டும் எழுதச் சொல்லிப் பிரசாரம் செய்தது. ஐநா சரக்குப் போக்குவரத்து விதியில் கிளாஸ் 3-இன் பெயரும் "ஃப்ளேமபிள் லிக்விட்ஸ்"தான். டொலுயின் என்ற கரைப்பான் (ஐநா எண் யுஎன் 1294) அதில்தான் வரும். எஸ்ஓபி, லேபிள், எம்எஸ்டிஎஸ் (சரக்கின் பாதுகாப்புத் தகவல் தாள்) எதிலும் "இன்" போட்ட சொல்லே வேண்டாம். தீப்பிடிக்காததற்கு "நான்-ஃப்ளேமபிள்".

அடுத்து உங்கள் இடிபி, அதாவது கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஆலை. ஈ-யில் தொடங்கும் எஃப்ளுவென்ட் என்றால் வெளியே பாய்வது, அதாவது கழிவுநீர். ஏ-யில் தொடங்கும் அஃப்ளுவென்ட் என்றால் வசதி படைத்தவர். "அஃப்ளுவென்ட் ட்ரீட்மென்ட் பிளான்ட்" என்று வாரியத்துக்கு எழுதினால் பணக்காரர்களைச் சுத்திகரிக்கும் ஆலை ஆகிவிடும். சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள். சிரிக்க முடியாதது இன்ஃப்ளுவென்ட், அதாவது ஆலைக்குள் நுழையும் நீர். லாக் ஷீட்டில் இந்த இரண்டு தலைப்பும் இடம் மாறினால், இன்லெட்டில் எடுத்த 3,000 சிஓடி (நீரின் மாசைக் காட்டும் ரசாயன ஆக்சிஜன் தேவை) அவுட்லெட் கணக்கில் ஏறிவிடும். ஆற்றில் விடுவதற்கான பொது வரம்பு லிட்டருக்கு 250 மில்லிகிராம். பார்க்கிறவர் என்ன நினைப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. தலைப்பிலேயே "இன்லெட்", "அவுட்லெட்" என்று போட்டுவிடுங்கள், தொல்லை விட்டது.

அட்வைஸ்: பெயர்ச்சொல் என்றால் சி, வினை என்றால் எஸ். "ப்ளீஸ் அட்வைஸ்" என்பது "சொல்லுங்கள்", ஆகவே எஸ். பேங்க் அனுப்பும் "பேமென்ட் அட்வைஸ்" ஒரு காகிதம், ஆகவே சி. வினையைச் சொல்லும்போது கடைசியில் "இஸட்" ஒலி வரும். தமிழில் அந்த ஒலி இல்லாததால் நம் காதுக்கு இரண்டும் ஒன்று. "டிவைஸ்"க்கும் இதே விதி. லைசென்ஸும் பிராக்டீஸும் பிரிட்டிஷ் எழுத்தில் இப்படியே. அமெரிக்க கஸ்டமர் என்றால் லைசென்ஸ் எப்போதும் எஸ், பிராக்டீஸ் எப்போதும் சி. "லைசென்ஸ்டு", "லைசென்ஸீ" இரண்டுக்கும் எந்த நாடானாலும் எஸ்.

மெயின்டனன்ஸ் லாக்கில் இன்னொன்று அடிக்கடி வரும். போல்ட் லூஸ் என்றால் ரெண்டு ஓ. பிரஷர் குறைந்தது, பேட்ச் போனது என்றால் ஒரே ஓ. ஒருத்தரை "லூசு" என்று திட்டுகிறோமே, அதுவும் நட்டு கழன்ற லூஸ்தான். அதற்கு ரெண்டு ஓ என்று நினைத்துக்கொண்டால் மறக்காது.

மஞ்சக்குப்பம்:

மேலே சொன்னவரோடு ஒத்துப்போகிறேன். கூட ஒன்று: பிரின்சிபல். ஏ-எல்லில் முடிந்தால் "முதன்மை", எல்-ஈயில் முடிந்தால் "கொள்கை". கான்ட்ராக்ட் லேபர் பேப்பரில் வருவது "பிரின்சிபல் எம்ப்ளாயர்". 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலிருந்து வந்த சொல் அது, ஏ-எல்தான். கடன் அசலும் ஏ-எல்தான். பிபிஇ-யில் (ஹெல்மெட், கையுறை மாதிரி பாதுகாப்புச் சாதனம்) முதல் பி "பெர்சனல்", ஒரு என். ஆட்களைக் குறிக்கும் சொல்லுக்கு ரெண்டு என், கடைசி அசையை அழுத்திச் சொல்ல வேண்டும்.

"அன்டில் ஃப்ரைடே" விஷயம் ஸ்பெல்லிங் இல்லை. தமிழில் யோசித்து இங்கிலீஷில் எழுதுவதால் வருவது. "வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு, அனுப்புங்க" என்று நாம் சர்வசாதாரணமாகப் பேசுகிறோம். இங்கிலீஷில் அன்டில் என்றால் அதுவரை விடாமல் நடந்துகொண்டே இருப்பது: "கீப் த வால்வ் க்ளோஸ்டு அன்டில் ஃப்ரைடே". ஒரே தடவை முடிகிற வேலைக்கு "பை": "சென்ட் த சிஓஏ பை ஃப்ரைடே" (சிஓஏ என்பது சரக்கின் பரிசோதனைச் சான்று). மனசுக்குள் "வெள்ளிக்குள்" என்று மாற்றிப் பாருங்கள், பொருந்தினால் பை. அதிலும் வெள்ளி காலையா மாலையா என்ற சண்டை வரும். தேதியோடு "5 பிஎம் ஐஎஸ்டி" என்று போடுங்கள். மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். 03/04 என்றால் அமெரிக்காவில் மார்ச், நமக்கு ஏப்ரல்.

இதே ரகத்தில் "டவுட்". நமக்குச் சந்தேகம் என்றால் கேள்வியும் அதுதான், நம்பாமையும் அதுதான். "ஐ ஹாவ் எ டவுட் இன் யுவர் இன்வாய்ஸ்" என்று வெளிநாட்டுக்காரருக்கு எழுதினால் பில்லில் தில்லுமுல்லு என்று நீங்கள் சொல்வதாகப் படிப்பார். "கொஸ்டின்" போதும். "டுடே இட்செல்ஃப்" என்பது "இன்றே"யின் ஏகாரம். "டிஸ்கஸ் அபௌட்" என்பதில் "பற்றி" ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. டிஸ்கஸுக்கு அபௌட் வேண்டாம்.

"வில் ரிவர்ட்" உள்ளூரில் ஓடும். வெளியே அனுப்பாதீர்கள். ரிவர்ட் என்றால் பழைய நிலைக்கே திரும்புவது. "வி வில் ரிவர்ட் ஆன் த ஸ்பெசிஃபிகேஷன்" என்றால் பழைய ஸ்பெசிஃபிகேஷனுக்கே போய்விட்டீர்களோ என்று பர்சேஸ்காரர் குழம்புவார். "ரிப்ளை" என்றே எழுதுங்கள்.

வில்லியனூர்:

பாண்டிச்சேரி பக்கத்திலிருந்து ஒரு சேர்க்கை. கஸ்டமர் பிரெஞ்சுக்காரர் என்றால் அவர் எழுதுகிற இங்கிலீஷையும் சரியாகப் படிக்கத் தெரிய வேண்டும். "வாட் இஸ் யுவர் டிலே?" என்று கேட்டால் தாமதம் ஏன் என்று சண்டை போடவில்லை, பிரெஞ்சில் "தெலே" என்றால் கெடு. டெலிவரிக்கு எத்தனை நாள் என்றுதான் கேட்கிறார். மன்னிப்புக் கேட்டு மெயில் போட்டால் நிஜமாகவே ஏதோ தாமதம் என்று அவர் பயந்துவிடுவார். "வி வில் கன்ட்ரோல் த கூட்ஸ்" என்றால் பரிசோதிப்போம் என்று அர்த்தம். "வி டிமாண்ட்" என்றால் மிரட்டல் இல்லை, அவர்கள் "துமாந்தே" என்பது வெறும் கேட்பது. "ஆக்சுவலி" என்று எழுதினால் பெரும்பாலும் "இப்போது" என்று படிக்கலாம். மோசமானது "ஈவென்சுவலி": பிரெஞ்சு வழக்கில் "ஒருவேளை", இங்கிலீஷில் "கடைசியில் நடந்தே தீரும்". "ஈவென்சுவலி வி வில் ஆர்டர் 20 டன்ஸ்" என்பதை ஆர்டர் என்று நம்பி ரா மெட்டீரியல் வாங்கிவிடாதீர்கள். திருப்பிக் கேட்டு, பிஓ (பர்சேஸ் ஆர்டர்) வந்த பிறகு நகருங்கள்.

புலியூர்க்காரன்:

வேர்டு கேள்வி விட்டுப்போயிற்று. வழி இருக்கிறது, "எக்ஸ்க்ளூட் டிக்‌ஷனரி" என்று பெயர். ரன் பாக்ஸில் (விண்டோஸ் கீயோடு ஆர் அழுத்தினால் வருவது) ஆப்டேட்டா என்று இரு பக்கமும் சதவீதக் குறி போட்டு என்டர் தட்டினால் ரோமிங் ஃபோல்டர் திறக்கும். உள்ளே மைக்ரோசாஃப்ட், அதற்குள் யூப்ரூஃப். அங்கே லெக்ஸ் என்று முடியும் ஃபைல்கள் இருக்கும். பெயரில் 0409 இருப்பது அமெரிக்க இங்கிலீஷுக்கு, 0809 பிரிட்டனுக்கு, 4009 இந்தியாவுக்கு. உங்கள் டாக்குமென்ட் எந்த மொழியில் செட் ஆகியிருக்கிறது என்று வேர்டின் கீழ்ப் பட்டையில் தெரியும். அந்த ஃபைலை நோட்பேடில் திறந்து, வரிக்கு ஒரு சொல், சின்ன எழுத்தில் அடித்து சேவ் செய்யுங்கள். வேர்டை மூடித் திறந்தால் அந்தச் சொல்லுக்குச் சிவப்புக் கோடு விழும். வேறு ஃபைலில் சேர்த்துவிட்டு வேலை செய்யவில்லை என்று சொல்கிறவர்கள்தான் அதிகம்.

உப்பனாறு:

4009-இல் சேர்த்தேன், அஃப்ளுவென்டுக்குக் கோடு விழுகிறது. அட்வைஸ், லூஸ் எல்லாவற்றையும் போட்டுவிடலாமா?

புலியூர்க்காரன்:

வேண்டாம். இரண்டு வடிவமும் தேவைப்படுகிற சொற்களைப் போட்டால் பக்கம் முழுக்கச் சிவப்பாகி, யாரும் கோட்டைப் பார்க்க மாட்டார்கள். உங்கள் ஆபீஸில் ஒருநாளும் தேவைப்படாத சொற்களை மட்டும் போடுங்கள்: அஃப்ளுவென்ட், இன்ஃப்ளேமபிள். மேனேஜரில் நடு ஏ விடுபட்டால் வரும் சொல்லையும் சேருங்கள், அதற்கு மாட்டுத் தீவனத் தொட்டி என்று அர்த்தம். "பப்ளிக்"கில் எல் விடுபட்டால் என்ன வரும் என்று இங்கே எழுத முடியாது. அதை முதல் வரியிலேயே போட்டுவிடுங்கள்.