புதுப்பிப்பு: அண்ணன் மகனின் கை நடுக்கம் – வில்சன் நோய்தான்

அண்ணன் மகனுக்குக் கை நடுக்கம், பேச்சுக் குழறல், ஈரல் சோதனையிலும் கோளாறு, காரணம் பிடிபடவில்லை என்று சாட்ஸ்வொர்த்திலிருந்து கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"கண் டாக்டரிடம் ஸ்லிட் லாம்ப்பில் (கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் கருவி) பாருங்கள்" என்ற யோசனைதான் பலித்தது. கருவிழி ஓரத்தில் பழுப்பு வளையம்! அப்புறம் ரத்தத்தில் செம்பைச் சுமக்கும் புரதமான செருலோபிளாஸ்மின் குறைவு, 24 மணி நேரச் சிறுநீரில் செம்பு அதிகம். உடலில் செம்பு தேங்கிவிடும் பரம்பரை நோயான வில்சன் நோய் உறுதி.

1956இல் ஜான் வால்ஷ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் அறிமுகப்படுத்திய, தேங்கிய செம்பை வெளியேற்றும் பெனிசிலமின்தான் மருந்து. வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும். தனியாக பி6 மாத்திரையும் உண்டு. எதிர்பாராத விஷயம், ஆரம்பத்தில் நடுக்கம் கூடிவிட்டது. சிலருக்கு அப்படி ஆவதுண்டாம். அளவைக் குறைத்து மெல்ல ஏற்றினார்கள். இப்போது டீ டம்ளரைச் சிந்தாமல் பிடிக்கிறான். நண்டுக் கறிக்குத்தான் தடை, அதில் செம்பு அதிகம். அவனுக்கு நோயைவிட அதுதான் வருத்தம்.

உடன்பிறந்தவர்களுக்கு நான்கில் ஒரு வாய்ப்பு இருப்பதால் தங்கைக்கும் சோதித்தார்கள். அவளுக்கு இல்லை.