உளவளத்துணையாளரிடம் சொன்னது வெளியே போனால் எங்கே முறையிடுவது?

வணக்கம் உறவுகளே. களுவாஞ்சிக்குடிப் பக்கம் இருக்கும் என் மச்சாள் சில மாதங்களாக ஓர் உளவளத்துணையாளரிடம் (மன ஆலோசனை தருபவரிடம்) போய் வருகிறாள். அங்கே அவள் அழுதழுது சொன்ன குடும்ப விடயம் இப்போது மாமியின் காதுக்கு வந்துவிட்டது. சொன்னவர் அந்தத் துணையாளரே. நன்மைக்காகத்தான் சொன்னாராம்! எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

உயிருக்கு ஆபத்து, பிள்ளைக்குத் துன்புறுத்தல், நீதிமன்றக் கட்டளை போன்றவை இருந்தால் இரகசியத்தை மீறலாம். அந்த எல்லையையும் முதல் நாளே விளக்கிச் சம்மதம் பெற்றிருக்க வேண்டும். இங்கே அப்படி எதுவும் இல்லை. மச்சாள் தன் பங்கில் குறை வைக்கவில்லை. நேரத்துக்குப் போனாள், குடிக்கும் குளிசைகளைக்கூட மறைக்காமல் சொன்னாள். எல்லோரும் எல்லோருக்கும் சொந்தமான ஊரில் துணையாளர்தானே கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்?

எழுத்தில் முறைப்பாடு கொடுத்தால் அவளுடைய கதை மேலும் பரவாமல் இருக்குமா? அவர் எழுதி வைத்த குறிப்புகளைக் கேட்டுப் பெற முடியுமா? கல்முனையோ மட்டக்களப்பு நகரமோ, நம்பிக்கையான பெண் உளவளத்துணையாளர் தெரிந்தால் உட்பெட்டியில் சொல்லுங்கள். இப்போதைக்குத் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 தொலைபேசி இலக்கத்தை அவளிடம் கொடுத்திருக்கிறேன். இனி யாரிடமும் வாய் திறக்க மாட்டேன், குளிசையையும் நிறுத்தப் போகிறேன் என்கிறாள். அதனால்தான் அவசரமாகக் கேட்கிறேன்.