மாண்ட்கோமரி பஸ் புறக்கணிப்பு: ஜெயித்தது நடையா, வழக்கா?

கரிசல்:
அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து மாண்ட்கோமரியில் கறுப்பின மக்கள் 381 நாள் நடந்தே பஸ்ஸில் நிறப் பிரிவினையை ஒழித்தார்கள் என்பது பாதி உண்மைதான். 1955 டிசம்பர் 5-இல் புறக்கணிப்பைத் தொடங்கியபோது கேட்டது என்ன? வெள்ளையர் முன்னாலிருந்தும் கறுப்பர் பின்னாலிருந்தும் வந்த வரிசையில் உட்காரட்டும், உட்கார்ந்தவரை எழுப்பக் கூடாது, டிரைவர் மரியாதையாகப் பேச வேண்டும், கறுப்பர் பகுதித் தடங்களில் கறுப்பின டிரைவர்கள் வேண்டும். நகராட்சி இதற்குச் சம்மதித்திருந்தால் பிரிவினை அப்படியே நின்றிருக்கும். அதைச் சாய்த்தது 1956 பிப்ரவரி 1-இல் வக்கீல் ஃப்ரெட் கிரே போட்ட பிரவுடர் – கெய்ல் வழக்கு.

வைகைக்கரை:
அந்த வழக்குக்கு முன்பே எட்டு வாரம் பஸ்கள் காலியாக ஓடின தோழர். பயணிகளில் முக்கால்வாசி கறுப்பர்கள். அவர்களை வேலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது எது? முதலில் கறுப்பின டாக்சிக்காரர்கள் பஸ் கட்டணமான 10 சென்ட்டுக்கே ஏற்றினார்கள். குறைந்தபட்சம் 45 சென்ட் வாங்க வேண்டும் என்ற விதியைக் காட்டி நகராட்சி அதை மடக்கியது. பிறகு சுமார் 300 கார்கள், நாற்பதுக்கும் மேற்பட்ட நிறுத்தங்கள். 1953-இல் லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகரில் பஸ் புறக்கணிப்பை நடத்திய பாதிரியார் ஜெமிசனிடம் கேட்டுச் செய்த ஏற்பாடு. தேவாலயங்களின் பெயரில் ஸ்டேஷன் வேகன்கள் வாங்கினார்கள். அடி விழுந்தது இன்ஷூரன்ஸில். பாலிசிகள் ஒவ்வொன்றாக ரத்தாயின, கடைசியில் லண்டன் லாய்ட்ஸ் வரை போனார்கள். 25 மைல் வேக எல்லையில் 30-இல் ஓட்டினார் என்று, புறக்கணிப்பின் தலைவர் மார்ட்டின் லூதர் கிங்கையே கைது செய்தார்கள்.

தென்றல்:
பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம் விட மறுத்துக் கைதாகி, இந்தப் புறக்கணிப்புக்கே காரணமான ரோசா பார்க்ஸின் வழக்கையே மேலே கொண்டுபோயிருக்கலாமே?

கரிசல்:
அது குற்ற வழக்கு. அபராதமும் செலவும் சேர்த்து 14 டாலர். மேல்முறையீடு மாநில நீதிமன்றங்களில்தான் போக வேண்டும், அங்கே எத்தனை காலம் வேண்டுமானாலும் கிடப்பில் போடலாம். அதனால்தான் கிரே அவரை விட்டுவிட்டு, வேறு பெண்களை வைத்து நேராக ஃபெடரல் நீதிமன்றம் போனார். அவர்களில் கிளாடெட் கால்வின், பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்பே, 15 வயதில் கைதானவர். ஜூன் 5-இல் மூன்று நீதிபதிகளில் இருவர் பிரிவினை செல்லாது என்றார்கள். எந்த நீதிமன்றத்துக்குப் போவது என்ற இந்தச் சட்ட நுணுக்கமான முடிவுதான் எல்லாம். புறக்கணிப்பைப் பற்றியே எழுதுகிறவர்கள் இதை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள்.

வைகைக்கரை:
கையெழுத்திட்ட ஐந்து பெண்களில் ஒருவர் மிரட்டலுக்குப் பயந்து விலகினார். மற்ற நால்வரும் நின்றது, ஊரே பின்னால் இருந்ததால். நவம்பர் 13-ஐயும் பாருங்கள். உச்ச நீதிமன்றம் தீர்ப்பை உறுதி செய்த அதே நாளில், உள்ளூர் நீதிமன்றம் கார் ஏற்பாட்டுக்குத் தடை விதித்தது. உச்ச நீதிமன்ற ஆணை மாண்ட்கோமரிக்கு வந்தது டிசம்பர் 20. இடைப்பட்ட ஐந்து வாரம் அந்த ஏற்பாடும் கிடையாது. அப்போதும் யாரும் பஸ் ஏறவில்லை.