ஓ'டுவயர் பட்டியலில் டயர் வருவாரா?

வைகைக்கரை:
வணக்கம். எங்கள் ஊர் நூலக வினாடி வினாவுக்காக, ஓ'டுவயர் என்ற அயர்லாந்துக் குடும்பப் பெயர் கொண்ட புகழ்பெற்றவர்களைத் தொகுக்கிறேன். ஜாலியன்வாலா பாக்கில் சுட்டவர் டயர் என்கிறது ஒரு புத்தகம். ஓ'டயர் என்கிறது இன்னொன்று. இருவரும் ஒருவரா? முன்னால் 'ஓ' இல்லாத டுவயர்களைச் சேர்க்கலாமா?

ஏட்டுச்சுவடி:
இருவரும் வேறு வேறு ஆட்கள். 1919 ஏப்ரல் 13 அன்று சுட உத்தரவிட்ட ராணுவ அதிகாரி ரெஜினால்ட் டயர். அவருடையது சாயத்தொழிலால் வந்த ஆங்கிலப் பெயர். ஆனால் பள்ளியில் படித்தது அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில்! சர் மைக்கேல் ஓ'டுவயர் அப்போது பஞ்சாபின் துணைநிலை ஆளுநர். டிப்பரரி மாவட்டத்துக்காரர், டயர் செய்தது சரி என்றவர். போதாக்குறைக்கு இருவரும் பிறந்தது 1864இல். 1940 மார்ச் 13 அன்று லண்டன் கேக்ஸ்டன் அரங்கில் உத்தம் சிங் சுட்டுக் கொன்றது ஓ'டுவயரை. டயர் 1927இலேயே இறந்துவிட்டார். எனவே பட்டியலில் டயருக்கு இடமில்லை.

மலைநாட்டான்:
'ஓ' இல்லாதவர்களைத் தாராளமாகச் சேருங்கள். இன்னாருடைய வழித்தோன்றல் என்பதைக் காட்டும் முன்னொட்டு அது. ஆங்கிலேய ஆட்சியில் பல குடும்பங்கள் அதை விட்டுவிட்டன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சில குடும்பங்கள் மீண்டும் ஒட்டிக்கொண்டன. மைக்கேல் டுவயரை விட்டால் பட்டியலே வீண். ஆங்கிலேய ஆட்சிக்கு எதிரான 1798 அயர்லாந்துக் கிளர்ச்சி ஒடுக்கப்பட்ட பிறகும் விக்லோ மலைகளில் ஒளிந்து போராடி, 1803இல்தான் சரணடைந்தார். 1806இல் சிட்னி போய்ச் சேர்ந்தார். ஏறிப்போன கப்பலின் பெயர் தெல்லிச்சேரி, நம் பக்கத்துத் தலைச்சேரியேதான். ஆங்கிலேயப் படைக்குத் தண்ணீர் காட்டியவர் அங்கே போலீஸ் வேலையிலும் அமர்ந்தார் என்பது வேடிக்கை.

வைகைக்கரை:
மிக்க நன்றி. நியூயார்க் மேயர் ஒருவரும் இந்தப் பெயரில் உண்டல்லவா?

ஏட்டுச்சுவடி:
வில்லியம் ஓ'டுவயர். அயர்லாந்தின் மேயோ மாவட்டத்துப் போஹோலாவில் பிறந்து, நியூயார்க்கில் போலீஸ்காரராக இருந்து, சட்டம் படித்து மேயரானவர் (1946–1950). போலீஸ் லஞ்ச விவகாரம் வெடித்த நேரத்தில் பதவியை விட்டு விலகி, மெக்சிகோவுக்குத் தூதராகப் போனார். தம்பி பால் ஓ'டுவயரையும் விட்டுவிடாதீர்கள். மனித உரிமை வழக்குகளில் பேர்பெற்ற வழக்கறிஞர். என்னைக் கேட்டால் அண்ணனைவிடத் தம்பியைப் பற்றித்தான் இரண்டு கேள்விகள் வைப்பேன்.

வைகைக்கரை:
வைத்துவிடுகிறேன் ஐயா. உத்தம் சிங் கேள்விக்கு 'டயர்' என்று எழுதுபவர்களுக்கு மதிப்பெண் கிடையாது.