எரிபொருள் அட்டவணையில் "இருப்பு" பொருந்துமா? "தேறுவளம்" என்றொரு முன்மொழிவு

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

நிலக்கரி, பெட்ரோலியம், இயற்கை எரிவாயு ஆகியவை உலகில் எந்தெந்த நாடுகளில் எவ்வளவு உள்ளன, எந்தெந்த நாடுகள் ஆண்டுதோறும் எவ்வளவு எடுக்கின்றன என்பதைப் பள்ளி மாணவர்க்கு விளக்கும் கையேட்டை நாம் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டபோது, அட்டவணைகளின் தலைப்புச் சொற்கள் என் பங்குக்கு வந்தன. "புதைபடிவ எரிபொருள்" பாடநூல்களில் நிலைத்துவிட்ட சொல். மன்னார் நண்பர் எழுதும் "சுவட்டு எரிபொருள்" அதைவிடச் சுருக்கமானது, அழகானதும்கூட. ஆனால் நிலைத்துவிட்டதைக் கலைக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன். என்னால் தாண்டிச் செல்ல முடியாமற்போனது இரண்டாம் நெடுவரிசையின் தலைப்பைத்தான். மூலத்தில் "ரிசர்வ்" என்றிருப்பதை நம் வரைவு "இருப்பு" என்று பெயர்த்திருக்கிறது.

இருப்பு என்றால் நம் காதில் விழும் பொருள் எது? நியாயவிலைக் கடையின் கரும்பலகையில் மண்ணெண்ணெய் இருப்பு இத்தனை லிட்டர் என்று எழுதியிருந்தால், அத்தனை லிட்டரும் உள்ளே பீப்பாயில் இருக்கிறது, அட்டையை நீட்டினால் அளந்து ஊற்றுவார்கள் என்று பொருள். இந்தப் பொருளில் எரிபொருளுக்கு இருப்பு என்று சொல்லத்தக்க ஒன்று உண்மையிலேயே உண்டு. விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூர் ஆகிய மூன்று இடங்களில் பாறையைக் குடைந்து அமைத்த நிலத்தடிக் குகைகளில், நெருக்கடிக் காலத்துக்கென்று இந்திய அரசு கச்சா எண்ணெயைச் சேமித்து வைக்கிறது; மூன்றுக்கும் சேர்த்துக் கொள்ளளவு 53 லட்சத்து 30 ஆயிரம் டன். அங்கே இருப்பது ஏற்கெனவே எடுத்து, விலை கொடுத்து வாங்கி, கொண்டுவந்து நிரப்பிய எண்ணெய். அதுதான் இருப்பு. வெனிசுவேலாவின் நிலத்தடியில் கிடப்பதற்கும் இதே சொல்லை எழுதினால், மாணவர் இரண்டையும் ஒன்றென்றே எடுத்துக்கொள்வார்.

வெனிசுவேலாவையே எடுத்துக்கொள்வோம். உலக நாடுகளில் மிகுதியான பெட்ரோலியக் கணக்கு அந்நாட்டுடையது: ஏறத்தாழ 30,300 கோடி பீப்பாய். சவூதி அரேபியா 26,000 கோடிக்கு மேல் காட்டி அடுத்த இடத்தில் நிற்கிறது. ஆனால் 2005 வாக்கில் வெனிசுவேலாவின் கணக்கு ஏறத்தாழ 8,000 கோடிதான். 2010களின் தொடக்கத்தில் அது 30,000 கோடியை நெருங்கிவிட்டது. இடைப்பட்ட ஐந்தாறு ஆண்டுகளில் யாரும் அந்நாட்டுக்கு எண்ணெயைக் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. ஓரினோக்கோ ஆற்றுப் படுகையில் தார்போல் கெட்டியான மிகைக்கன எண்ணெய் கிடப்பது முன்பே தெரியும்; எண்ணெய் விலை ஏறியதும், அதை எடுக்கும் முறைகள் கைகூடியதும் அது கணக்கில் ஏறியது. கனடாவிலும் இதுவே நடந்தது. ஆல்பர்ட்டா மாகாணத்தின் எண்ணெய் மணலை, அதாவது கெட்டி எண்ணெய் கலந்த மணலைச் சேர்த்து எண்ணத் தொடங்கிய 2002ஆம் ஆண்டின் இறுதியில், அந்நாட்டின் கணக்கு ஏறத்தாழ 500 கோடியிலிருந்து 18,000 கோடி பீப்பாயாக ஒரே பட்டியலில் உயர்ந்தது. இறங்குவதும் உண்டு: 2016ஆம் ஆண்டின் தாழ்ந்த விலையைக் கொண்டு கணக்கிட்டபோது, எக்ஸான்மொபில் நிறுவனம் கனடாவின் கேர்ல் மணல்வயலில் தனக்கிருந்த ஏறத்தாழ 350 கோடி பீப்பாயைத் தன் ஏட்டிலிருந்து நீக்க வேண்டியதாயிற்று. மணலும் எண்ணெயும் கிடந்த இடத்திலேயே கிடந்தன; ஏட்டில் மட்டும் இல்லாமற்போயின. கடைப்பலகையில் எழுதும் "இருப்பு" இப்படி நடந்துகொள்ளாது.

ஆகவே நமக்கு வேண்டிய சொல் மூன்று செய்திகளைச் சுமக்க வேண்டும்: பொருள் நிலத்தடியில் இருப்பது ஆய்ந்து அறியப்பட்டிருக்க வேண்டும், இன்றைய கருவிகளால் அதை எடுக்க முடிய வேண்டும், இன்றைய விலையில் எடுத்தால் கட்டுபடியாக வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது வெறும் வளம்தான். அமெரிக்க நிலவியலாளர் மக்கெல்வி 1972இல் வரைந்த கட்டம், பக்கவாட்டில் நிலவியல் உறுதியையும் மேல்கீழாகப் பொருளியல் கட்டுபடியையும் வைத்து இதைத்தான் காட்டுகிறது.

இதற்குச் சொல் தேடி அகராதிகளைப் புரட்டிக்கொண்டிருந்த எனக்கு, சாயல்குடிப் பக்கம் ஒரு கரிமூட்டத்தின் அருகில் நின்றபோது அது கிடைத்தது. நம் இராமநாதபுரம் மாவட்டத்தில் சீமைக்கருவேலங்காட்டை மொத்தமாகப் பேசி வாங்கி, வெட்டி, மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்பவர்கள் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். காட்டைப் பார்க்க வரும் வியாபாரி மரங்களை எண்ணுவதில்லை. தூரின் பருமனைப் பார்க்கிறார், வெட்டுக்கூலியைக் கேட்கிறார், லாரி உள்ளே வருமா என்று பார்க்கிறார், மழைக்கு முன் மூட்டம் பிரிக்க முடியுமா என்று நினைத்துப் பார்க்கிறார், பிறகு உடன் வந்தவரிடம், "இதில் எத்தனை மூட்டை தேறும்?" என்கிறார். கரி விலை இறங்கிய ஆண்டில் அதே காட்டைப் பார்த்துவிட்டு, "தேறாது" என்று ஒரு சொல்லில் திரும்பிவிடுகிறார். வெனிசுவேலாவுக்கும் கேர்ல் வயலுக்கும் நாம் தேடும் பொருள் முழுவதும் அந்த வினையில் இருக்கிறது.

சங்கு குளித்தவர்களும் இதை வேறு வகையில் அறிவார்கள். அரசின் பொறுப்பில் சங்கு எடுத்த காலத்தில், குளித்து வந்த சங்குகளை ஓர் உலோக வளையத்தில் இட்டுப் பார்ப்பார்கள். வளையத்துக்குள் நுழைந்துவிடும் சிறு சங்கு கடலுக்கே திரும்பிவிடும். அதுவும் சங்குதான், ஆனால் தேறாத சங்கு. முத்துச்சிப்பி விளையும் கடலடித் திட்டான முத்துப் பாரிலும் முதலில் சில ஆயிரம் சிப்பிகளை மட்டும் எடுத்து, அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்துக்கு விலை மதித்த பிறகே குளிப்பு நடத்துவதா என்று முடிவு செய்தார்கள். எண்ணெய்க் கிணற்றுத் துறையினர் இன்று செய்யும் சோதனைக்கும் இதற்கும் பெரிய தொலைவு இல்லை.

ஆகவே "ரிசர்வ்" என்பதற்குத் தேறுவளம் என்று முன்மொழிகிறேன். "ரிசோர்ஸ்" வெறும் வளம். குகையிலும் தொட்டியிலும் சேர்த்து வைத்தது இருப்பு. மூன்றாம் நெடுவரிசையில் உள்ள "உற்பத்தி"யை மாற்றச் சொல்ல மாட்டேன், வாலிநோக்கத்தில் உப்பு விளைவிப்பதுதான் உற்பத்தி, எண்ணெயை யாரும் விளைவிப்பதில்லை என்ற உறுத்தல் எனக்கு இருந்தாலும்.

இந்தப் பிரிப்பு சொல்லழகுக்காக அன்று. தேறுவளத்தையும் உற்பத்தியையும் அருகருகே வைத்தால்தான் அட்டவணை பேசத் தொடங்குகிறது. உலகிலேயே மிகுதியான தேறுவளம் காட்டும் வெனிசுவேலா 2023இல் நாளொன்றுக்கு எடுத்தது 10 லட்சம் பீப்பாய்க்கும் குறைவு. அந்த வேகத்தில் வகுத்துப் பார்த்தால் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வரும். அமெரிக்காவின் தேறுவளம் அதில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. அதே ஆண்டில் அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 கோடியே 29 லட்சம் பீப்பாய் எடுத்து உலகில் முதலிடத்தில் இருந்தது. வகுத்தால் பத்து ஆண்டுதான் வரும். அந்தப் பத்து ஆண்டு பல பத்தாண்டுகளாகத் தீராமல் பத்தாகவே நின்றுவருகிறது. ஒருபுறம் எடுக்க எடுக்க, மறுபுறம் வளம் தேறுவளமாகிக்கொண்டே வருகிறது. "இருப்பு" என்று எழுதினால், அமெரிக்க எண்ணெய் பத்து ஆண்டில் தீர்ந்துவிடும் என்று எந்த மாணவரும் முடிவு கட்டுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

இயற்கை எரிவாயுவில் ரஷ்யா, ஈரான், கத்தார் என்ற வரிசை தேறுவளத்துக்கு உரியது. ரஷ்யாவுக்கு மட்டும் ஏறத்தாழ 37 லட்சம் கோடி கன மீட்டர். ஈரானும் கத்தாரும் பாரசீக வளைகுடாவின் அடியில் ஒரே பெருவயலை இரு பெயர்களில் பகிர்ந்துகொள்கின்றன. எடுப்பதில் முதலிடம் இங்கும் அமெரிக்காவுக்கே.

நிலக்கரிக்கு வருகிறேன், நம் வரைவில் பிழை நேர்ந்திருப்பது அங்கேதான். தேறுவளத்தில் அமெரிக்கா முதலிடம், ஏறத்தாழ 24,900 கோடி டன். அடுத்து ரஷ்யா, ஆஸ்திரேலியா, சீனா, இந்தியா. வெட்டியெடுப்பதிலோ சீனா தனியாகவே உலகின் பாதிக்கு மேல், ஆண்டுக்கு 450 கோடி டன்னையும் தாண்டி. இந்தியா இரண்டாவது, 2024-25இல் 100 கோடி டன்னைக் கடந்தது. நம் வரைவில் இந்தியாவின் "இருப்பு" 37,800 கோடி டன் என்று உள்ளது. அப்படியானால் இந்தியா அமெரிக்காவையும் முந்தியிருக்க வேண்டும். வரிசையிலோ ஐந்தாவதாக நிற்கிறது. அந்த எண் இந்திய நிலவியல் ஆய்வுத்துறை 2023க்கு வெளியிட்ட மொத்த நிலக்கரி வளம். அளந்தறிந்தது, அறிகுறியால் கண்டது, ஊகித்தது ஆகிய மூன்றும் சேர்ந்தது. உலகப் பட்டியல்கள் இந்தியாவுக்குக் காட்டும் தேறுவளம் ஏறத்தாழ 11,100 கோடி டன். இரண்டுக்கும் நாம் ஒரே சொல்லை வைத்திருந்ததால், எந்த எண் எங்கே போக வேண்டும் என்று எழுதியவருக்கே தெரியவில்லை. அந்தப் பகுதியை எழுதியவன் நான்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கருத்தை எதிர்பார்க்கிறேன்.

வழுதூரிலிருந்து

*

கீழக்கரையிலிருந்து மறுமொழி

தம்பிக்கு வணக்கம். முப்பது ஆண்டு தமிழ் கற்பித்தவள் என்ற முறையில் மூன்று தடைகளை வைக்கிறேன். "தேறு" என்றதும் மாணவருக்குத் தேர்வுத்தாள்தான் நினைவுக்கு வரும். பழந்தமிழில் "தேறல்" தெளிந்த கள்ளைக் குறிக்கும். எண்ணெயும் நீர்மம்தான் என்று நீங்கள் சமாதானம் சொல்லக்கூடும், நிலக்கரிக்கு என்ன சொல்வீர்கள்? மூன்றாவதுதான் முதன்மையானது: செய்தித்தாள்களில் "உறுதிசெய்யப்பட்ட இருப்பு" ஏற்கெனவே வழங்குகிறது. வழங்கும் சொல்லை விட்டுப் புதுச்சொல் படைப்பதற்கு உங்கள் கரிமூட்டக் கதையைவிட வலுவான காரணம் வேண்டும்.

*

மன்னாரிலிருந்து மறுமொழி

எங்கள் பக்கம் இலங்கை மத்திய வங்கியின் தமிழறிக்கைகளில் "ஒதுக்கு" என்று வருவதுண்டு. ஆனால் அது வேண்டுமென்றே ஒதுக்கி வைத்ததைக் குறிப்பதால், குகை எண்ணெய்க்குத்தான் பொருந்துமேயொழிய நிலத்தடி எண்ணெய்க்குப் பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனக்குள்ள ஐயம் வேறு. துறையினர் "ரிசர்வ்" என்பதையே உறுதியானது, வாய்ப்புள்ளது, கூடுமானது என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள். "தேறு" என்பதிலேயே உறுதி இருக்குமானால், உறுதியில்லாத தேறுவளம் என்பது முரணாகாதா?

*

வழுதூரிலிருந்து

அக்காவுக்கும் மன்னார் அண்ணனுக்கும் நன்றி.

தேர்வில் தேறுவது எனக்குத் துணையாகத்தான் வருகிறது. வகுப்பில் அறுபது பேர் இருப்பது வளம். தேறுகிறவர் எத்தனை பேர் என்பது தாளைத் திருத்திய பிறகும், தேர்ச்சி மதிப்பெண் எதுவென்று வகுத்த பிறகும் தெரியவருவது. அந்த மதிப்பெண்ணை உயர்த்தினால் பிள்ளைகள் மாறாமலே எண்ணிக்கை குறையும். கேர்ல் வயலில் நடந்தது இதுவே. கள்ளைப் பற்றி எனக்கு மறுப்பில்லை. "உறுதிசெய்யப்பட்ட இருப்பு" என்பதில் எனக்குள்ள குறை, அது நிலவியல் உறுதியை மட்டும் சொல்லி, விலையையும் கருவியையும் விட்டுவிடுகிறது என்பது. சுருக்கி எழுதுபவர் எவரும் முதலில் வெட்டுவது "உறுதிசெய்யப்பட்ட" என்பதைத்தான், மிஞ்சுவது மறுபடியும் கடைப்பலகை.

அண்ணனின் ஐயம் இதைவிடக் கடினமானது. இரண்டு நாள் யோசித்தபின் இலக்கணத்திலேயே விடை கிடைத்ததாகத் தோன்றுகிறது. தேறுவளம் வினைத்தொகை, ஊறுகாய் என்பதுபோல் காலம் கரந்து நிற்பது. தேறிய வளம், தேறுகின்ற வளம், தேறும் வளம் என்று மூன்று வகையாகவும் விரியும். ஆதலால் பொதுப்பெயராக அதை வைத்துக்கொண்டு, பிரிவுகளை விரித்துச் சொல்லலாம்: உறுதியானதற்குத் "தேறிய வளம்", வாய்ப்புள்ளதற்குத் "தேறும் வளம்", கூடுமானதற்குத் "தேறக்கூடும் வளம்". முதலாவது மட்டும் கைக்கு வர 90 விழுக்காடு வாய்ப்பு. முதலிரண்டும் சேர்ந்த தொகைக்கு 50. மூன்றும் சேர்ந்ததற்கு 10. நம் அட்டவணைக்கு முதற்பிரிவே போதும்.

ஒன்றை மட்டும் கையேட்டில் அடிக்குறிப்பாகச் சேர்க்க விரும்புகிறேன். தேறியது என்று முடிவு செய்பவர் பெரும்பாலும் அந்தந்த நாட்டினரே. எந்த நாடு எவ்வளவு எடுக்கலாம் என்ற உற்பத்திப் பங்கீடு பேசப்பட்ட 1980களில், எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஒபெக்கில் உள்ள நாடுகள் பலவும் தம் கணக்கைப் பெரிதும் உயர்த்தின. குவைத் 1985இல் ஏறத்தாழ 6,500 கோடியிலிருந்து 9,000 கோடி பீப்பாய்க்குச் சென்றது. தாளைத் திருத்துபவர் தேர்வு எழுதியவரே என்றால் அக்கா என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும்.

*

கீழக்கரையிலிருந்து

மறுகூட்டலுக்கு விண்ணப்பிக்கச் சொல்வேன். வினைத்தொகை என்ற விளக்கத்தை ஏற்கிறேன். கள் பற்றிய தடையையும் விலக்கிக்கொள்கிறேன். முதலில் வரும் இடத்தில் மட்டும் "தேறுவளம், அதாவது செய்தித்தாள்களில் இருப்பு எனப்படுவது" என்று எழுதிவிட்டு, பிறகு தனியே ஆளுங்கள். இந்தியாவின் 37,800 கோடியை வளம் என்ற தலைப்புக்குக் கீழே நகர்த்தி, திருத்திய அட்டவணையை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவிடுங்கள் தம்பி. அச்சகத்தில் அதற்குமேல் பொறுக்க மாட்டார்கள்.