அருவங்காட்டு பேண்டு: போட்டோ, டேப் வைத்திருப்பவர்கள் எழுதுங்கள்

அன்புள்ள உறவுகளுக்கு வணக்கம்.

ஆண்டு மலருக்குப் பழைய மனிதர்கள் என்று கேட்டால் தலைமையாசிரியர்கள், சங்கத் தலைவர்கள் பெயர்தான் வருகிறது. அறுபதுகளின் நடுவில் நம் அருவங்காட்டு வெடிமருந்து ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் பையன்கள் நாலு பேர் மின்சார கிட்டார், டிரம்ஸ் என்று ஒரு பேண்டு நடத்தினார்களே, அவர்களுக்கும் நாலு பக்கம் ஒதுக்க வேண்டும். டிரம்ஸ் வாசித்தவர் என் சின்ன மாமா என்பதற்காக மட்டும் கேட்கவில்லை. குன்னூர், ஊட்டி ஓட்டல்களில் சீசனுக்கு வாசித்த உள்ளூர்ப் பையன்கள் அவர்கள்.

ரேடியோ சிலோன்தான் அவர்களுக்கு வாத்தியார். ஆங்கிலப் பாட்டு வரும்போது ஒருவர் வரிகளை எழுதுவார், இன்னொருவர் மெட்டைப் பிடிப்பார். விட்ட வரி மறுபடி எப்போது காதில் விழுமோ! ஷேடோஸ் குழுவின் இசையில் பெரும்பாலும் கிட்டார்தான், வரிகளே இல்லை. அதனால் முதலில் அதைத்தான் பழகினார்களாம். அந்தக் குழுவோடு பாடிய இங்கிலாந்துப் பாடகர் கிளிஃப் ரிச்சர்டு பிறந்தது லக்னோவில் என்பதில் மாமாவுக்கு அவ்வளவு பெருமை.

அந்நியச் செலாவணிக் கெடுபிடியில் வெளிநாட்டு ஆம்ப்ளிஃபயரை நினைத்தும் பார்க்க முடியாது. வால்வு ரேடியோவின் பின்னால் கிராமபோனுக்கு இருக்கும் துளையில் கிட்டாரைச் சொருகி வாசித்தார்கள். அதைவிடப் பெரிய தொல்லை நம் ஊர் மேகமும் சாரலும். மாமாவின் டிரம் தோல் போட்டது. ஈரம் ஏறினால் தொய்ந்து சத்தம் அமுங்கிவிடும். பறை காய்ச்சுவதைப் பார்த்து வளர்ந்தவர்தானே, கரி அடுப்புக்கு மேலே டிரம்மைப் பிடித்து, மெல்லச் சுற்றிக்கொண்டே ஓரத்தை விரலால் தட்டிப் பார்ப்பார். ‘டங்’ என்று கேட்டதும் மேடைக்கு ஓட்டம். இரண்டு பாட்டு முடிவதற்குள் மறுபடி அடுப்பு.

மூன்று சீசன்தான் ஓடியது. 1966-ல் ஆஸ்திரேலியா வெள்ளையர் அல்லாதவர்களுக்கான குடியேற்ற விதியைத் தளர்த்தியதும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பல கிளம்பின. லீடு கிட்டார் அண்ணன் வீட்டாரும் போய்விட்டார்கள். மறு வருஷம் ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் என்ற ஃபிலிம் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்க, இன்னொருவருக்கு அங்கே வேலை. அப்புறம் யாரும் சேர்ந்து வாசிக்கவில்லை.

சிம்லா பீட் என்று இந்திய பேண்டுகளுக்கு நடந்த போட்டியின் இசைத்தட்டுகள் 1970, 1971-ல்தான் வந்தன. ஷில்லாங்கின் ஃபென்டோன்ஸ் குழு அவற்றில் இருக்கிறது, இன்றும் கேட்கலாம். அதுவும் மலை ஊர்தான். நம் பையன்கள் வாசித்ததில் ஒரு நிமிஷம்கூட யாரிடமும் இல்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆஸ்திரேலியாவில் இருப்பவர்கள் அந்த அண்ணன் குடும்பத்தைத் தயவுசெய்து விசாரியுங்கள். ஊரில் வீட்டைப் பூட்டி வைத்திருப்பவர்கள் பரண், டிரங்குப் பெட்டி எல்லாம் பாருங்கள். ஸ்பூல் டேப் கிடைத்தால், முக்கியமாக வினிகர் வாடை அடித்தால் (டேப் கெட்டு வருகிறது என்று அர்த்தம்), பழைய மெஷினில் ஓட்டிப் பார்க்க வேண்டாம், அறுந்துவிடும். ஈரம் படாமல் எடுத்து வைத்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள். டிஜிட்டலாக்கும் செலவு என்னுடையது.