நாக்கு ஒட்டுக்கு லேசரா, கத்தியா?

கவின்அம்மா:
பையனுக்கு ஆறு வயது, நாக்கு ஒட்டு இருக்கிறது, அதாவது நாக்கின் அடியில் இருக்கும் சவ்வு குட்டையாக இருந்து நாக்கை இழுத்துப் பிடிக்கிறது. நாக்கை நீட்டினால் நுனி நடுவில் பள்ளம் விழுந்து நிற்கிறது, கீழ் உதட்டைத் தாண்டி வருவதே இல்லை, குச்சி ஐஸை நக்க முடியாமல் கடித்துத்தான் தின்கிறான். ரயிலை "லயில்" என்கிறான். பல் மருத்துவர் லேசரில் ஐந்து நிமிட வேலை, வலியே இருக்காது என்கிறார். இன்னொருவர் கத்தியால் வெட்டித் தையல் போடலாம் என்கிறார், செலவு மூன்றில் ஒரு பங்குதான். லேசருக்கு அவ்வளவு கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறதா?

ஈறுமருத்துவர்:
மரத்துப்போகும் ஊசி வேலை செய்யும் வரைதான் வலி இருக்காது, லேசருக்கும் அந்த ஊசி வேண்டும். முதலில் எந்த லேசர் என்று கேளுங்கள். பல் கிளினிக்குகளில் பெரும்பாலும் டயோடு லேசர்தான், அலைநீளம் 810 முதல் 980 நானோமீட்டர். அந்த ஒளியை நீர் அதிகம் உறிஞ்சாது, அதனால் ஒளி வருகிற மெல்லிய இழையின் நுனியைக் கருக்கி, அந்தச் சூட்டில் தொட்டுத்தான் அறுக்கிறோம். கார்பன் டை ஆக்சைடு லேசர் 10,600 நானோமீட்டர், 1964இல் பெல் ஆய்வகத்தில் குமார் படேல் உருவாக்கியது. அதை நீர் உடனே உறிஞ்சிவிடும், மென்திசுவில் பெரும்பகுதி நீர்தானே, தொடாமலேயே திசு ஆவியாகும், பக்கத்தில் சூடு பரவுவதும் குறைவு. இரண்டிலும் சின்ன ரத்தக் குழாய்கள் அப்போதே அடைபடும், தையலும் பெரும்பாலும் தேவைப்படாது. திமிறுகிற பிள்ளையின் நாக்குக்கு அடியில் தையல் போட்டவன் என்பதால் சொல்கிறேன், அது பெரிய நிம்மதி. ஆனால் ஓரம் வெந்துபோவதால் முதல் சில நாட்கள் கத்திக் காயத்தைவிட மெதுவாக ஆறலாம். அந்த லேசரின் அலைநீளத்துக்கான பாதுகாப்புக் கண்ணாடியைப் பையனுக்கும் போடுகிறார்களா என்று பாருங்கள், இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

மதுமிதா:
என் மகளுக்கு டயோடில் செய்தோம். முடி கருகுவது போல ஒரு நாற்றம் வரும், அதை முன்னாலேயே சொல்லி வையுங்கள், அவள் அதற்குத்தான் பயந்தாள். மூன்றாம் நாள் காயத்தின் மேல் வெள்ளையும் மஞ்சளுமாகப் படிந்திருந்தது, சீழ் என்று நினைத்து இரவோடு இரவாக ஓடினோம். ஆறுகிற காயத்தில் படிகிற ஏடுதானாம், துடைக்கக் கூடாதாம். அப்புறம் நாக்குப் பயிற்சி. அழுகிறாளே என்று ஒரு வாரம் விட்டுவிட்டேன், மறுபடி இறுகிவிட்டது, இன்னும் வருத்தமாக இருக்கிறது. பிறகு மேல் உதட்டில் தேன் தடவி நக்க வைத்தோம்.

பேச்சுப்பயிற்சியாளர்:
'ர' பல பிள்ளைகளுக்குத் தாமதமாகத்தான் வரும், நாக்கு ஒட்டு இல்லாதவர்களுக்கும். வெட்டிவிட்டால் மறுநாளே ரயில் வந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். வாயை அகலத் திறக்கச் சொல்லி, நாக்கு நுனி மேல் பல்லுக்குப் பின்னால் எட்டுகிறதா என்று பாருங்கள்.

கவின்அம்மா:
இப்போதுதான் பார்த்தேன், பாதி உயரம் கூடப் போகவில்லை. கிளினிக்கிலும் கேட்டுவிட்டேன், டயோடுதான், சின்னப் பிள்ளைகளுக்கான கண்ணாடி இருக்கிறதாம். வெள்ளிக்கிழமை பேச்சுப் பயிற்சியாளர் ஒருவரிடம் காட்டிவிட்டுத்தான் தேதி கேட்கப் போகிறேன். தேன் யோசனைக்கு நன்றி மது, இன்றைக்கே ஆரம்பித்துவிட்டான்.